ஹெரால்டு ஒழுகிய ஆடி மாதம்

ஜூலை 3, திங்கள்

காரை வாங்க நினைக்கும் குன்னூர் டாக்டர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஹெரால்டின் பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாக மடக்கித் திறந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். பெயிண்ட் பிடித்திருக்கிறது. ஸ்டியரிங் பிடித்திருக்கிறது. என் மனைவி நாகமணி தைத்துப் போட்ட சீட் உறைகூடப் பிடித்திருக்கிறது. கடைசியில் குனிந்து அடியில் பார்த்தார். அங்கேதான் முகம் மாறியது.

"ஆயில் ஒழுகுதுங்களே?"

"அறுபது வருசத்து வண்டிங்க. எனக்கே முட்டியில நீர் கோக்குது" என்றேன்.

மனிதர் சிரிக்கவில்லை. அவர் ஷெட்டில் மார்பிள் போட்டிருக்கிறாராம். அதில் ஏற்கெனவே நிற்கும் பழைய கார்களில் ஒன்றுகூட ஒழுகாதாம். ஒழுக்கை நிறுத்திக் குன்னூருக்குக் கொண்டுவந்து விட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கார் வாங்கி மார்பிளில் நிறுத்தி வைக்கிறவரிடம் நான் என்ன பேச முடியும்.

என் மகன் பூபதி உடனே ஒப்புக்கொண்டான். "நான் நிறுத்தித் தர்றேனுங்க டாக்டர். நம்ம தொழிலே அதுதானுங்களே." ஷார்ஜாவில் விமானங்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை அவனுக்கு. "வண்டிய உங்ககிட்ட ஒப்படைச்சுட்டு, அப்பாவ அங்கே விட்டுட்டு, நான் கிளம்பிருவேன்."

'அங்கே' என்பது தொண்டாமுத்தூர் பக்கம். முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம், சீனியர் லிவிங்காம். போன வருஷம் நாகமணி போன பிறகு நான் பாத்ரூமில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக் கோகிலா பார்த்து இவனுக்குப் போன் போட்டாள். அன்றிலிருந்து இதே பேச்சு. வருஷத் திதிக்கு வந்தவன் திதி முடிந்த கையோடு அறையும் பதிவு செய்துவிட்டான். நானும் சரி என்றுதான் சொன்னேன். எவனும் என் தலையைப் பிடித்து ஆட்டவில்லை.

ஆக, சொட்டு நின்றால் வண்டி போகும். வண்டி போனால் இவன் போவான். அப்புறம் நான்.

ஜூலை 5, புதன்

எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவினோம். என்னைச் செய்ய விடவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. நூல் மில்லில் மெயின்டனன்ஸ் போர்மேனாக இருந்தவன் நான். என் சத்தம் கேட்டால் ரிங் பிரேம் டிபார்ட்மெண்டே நிமிர்ந்து நிற்கும். இப்போது "பழைய துணி குடுங்கப்பா" என்றால் பழைய துணி கொடுக்கிறேன்.

எஞ்சின் மேல்மூடியான ராக்கர் கவரின் கேஸ்கட் அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்திலும் கசிவு. அடியில் ஆயில் தொட்டியான சம்ப்பைச் சுற்றியும் ஈரம். ஒரு இடத்தில் துடைத்தால் இன்னொரு இடத்தில் பளபளக்கிறது.

"இது ஒரு வாரத்து வேலைங்கப்பா" என்றான்.

இவன் இந்த வீட்டுக்கு வந்துபோகும் போதெல்லாம் எங்களுக்குள் இருந்த பேச்சு இவ்வளவுதான்: சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஏசி வேணுமா. மிச்சப் பேச்சை எல்லாம் அவன் அம்மாவிடம் பேசுவான். அவள் எனக்குச் சொல்லுவாள். இன்று வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வேலை கற்றுக்கொள்ளப் போன புதிதில் ஒரு நட்டைத் தவற விட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தேடிய கதையைச் சொன்னான். முகம் தெரியவில்லை, கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். நன்றாகச் சிரித்தேன்.

ஜூலை 8, சனி

கார்க் கேஸ்கட் வாங்க நூறடி ரோடு முழுக்க அலைந்தோம். ஹெரால்டு என்றதும் கடைக்காரப் பையன்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் கார்க் ஷீட் மட்டும் வாங்கிவந்து நானே வெட்டினேன். விளிம்பின் மேல் ஷீட்டை வைத்து உருண்டை சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் அளவு தானாக விழும். பூபதி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"கை இன்னும் நடுங்கலீங்களே உங்களுக்கு."

"காப்பி டம்ளர்தான் நடுங்கும். சுத்தியல் நடுங்காது" என்றேன்.

எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றி, சிங்காநல்லூர் குளம் வரை ஓட்டிவிட்டு வந்து அடியில் புது அட்டை விரித்தோம். சாயங்காலம் பார்த்தால் அட்டை காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு இல்லை. பூபதி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் இப்படித்தான் காட்டினான்.

ராத்திரிச் சோறு போடும் போதே வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நல்லது என்றேன். அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

ஜூலை 9, ஞாயிறு

பூபதி முடி வெட்டிக்கொள்ளப் போனான். நான் வண்டியைத் துடைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

காலையில் அட்டையில் சொட்டு. ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.

பூபதி பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தவன் நுரையைத் துப்பவும் மறந்து நின்றான். பானெட்டைத் திறந்தால் ராக்கர் கவரின் பின்பக்க நட் கையால் திருகினாலே சுற்றுகிறது.

"நல்லா முடுக்கினேனுங்களே."

"புது கார்க்டா. சூட்டுல படியும். படிஞ்சா நட்டு லூசாகும். இதெல்லாம் உங்க ஏரோப்ளேன்ல வராது" என்றேன்.

நான் சொன்னது உண்மைதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவான். பூபதி நட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி முடுக்கினான்.

ஜூலை 12, புதன்

இன்று ஆயில் பிரஷர் பைப்பின் முனையில் கசிவு. அது இத்தனை நாள் ஒழுகாத இடம். பழைய வண்டி அப்படித்தான், ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் கிளம்பும் என்று விளக்கிச் சொன்னேன். அவன் "ம்" என்றான்.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று.

நானே கொள்ளுப் பருப்புக் கடைந்தேன். நாகமணியின் கைப்பக்குவம் வராது. ஆனாலும் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

ஜூலை 14, வெள்ளி

அவன் கிளம்பியிருக்க வேண்டிய நாள். ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். நான் எதிரில் உட்கார்ந்து அவன் படிப்பதைப் பார்த்தேன்.

மத்தியானம் அவன் டூல் பையை எடுத்துப் பார்த்தேன். ஒரு வினோதமான கட்டிங் பிளேயர் கிடந்தது. நடுவில் ஒரு குமிழ், அதை இழுத்தால் பிளேயரே சுற்றுகிறது. பக்கத்தில் மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்.

"இது என்னடா?"

"லாக் வயர் போடறதுங்கப்பா. போல்ட் தலையில ஓட்டை போட்டு, கம்பிய விட்டு, ரெண்டு ரெண்டு போல்ட்டாச் சேத்து முறுக்கி வெச்சிருவோம். ஆகாசத்துல போறப்ப எது ஆடினாலும் போல்ட் கழளாது."

"அறுத்துட்டுக் கழட்டினா?"

"அறுக்கலாமுங்க. அறுத்தா ஆருன்னு தெரிஞ்சுரும். அறுத்த துண்டக்கூட எண்ணித் திருப்பிக் குடுக்கோணும். ஒரு துண்டு கொறஞ்சா விமானம் எந்திரிக்காது."

நல்ல ஏற்பாடு என்றேன். மில்லில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என் கட்டைவிரல் முழுசாக இருந்திருக்கும். கார்டிங் மெஷினில் எவனோ சரியாக முடுக்காத பாதுகாப்பு மூடி திறந்து, பெல்ட் இழுத்து, வலது கட்டைவிரலின் மேல் கணு போயிற்று. பூபதி அப்போது கைக்குழந்தை. இந்த மொட்டை விரலைத்தான் வாயில் போட்டுச் சப்புவான் என்று நாகமணி சொல்லிச் சிரிப்பாள்.

ஜூலை 17, திங்கள்

இன்று ஆடி பிறந்துவிட்டது. எனக்குத் திடீரென்று யோசனை வந்து குன்னூருக்கு நானே போன் போட்டேன்.

"டாக்டருங்களா, ஆடி பொறந்திருச்சுங்க. ஆடியில வண்டி கை மாத்தறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. ஆவணியில பாத்துக்கலாமுங்களா?"

"எனக்கு எல்லா மாசமும் ஒண்ணுதாங்க. நீங்க ஒழுக்க நிறுத்துங்க, நாளைக்கே கொண்டு வாங்க."

படித்தவர்கள் நாலு சம்பிரதாயத்தையாவது மதிக்க வேண்டும். நாடு எங்கே உருப்படும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பூபதி கதவருகே நிற்கிறான். கேட்டானோ என்னவோ. "காப்பி வெக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

ஜூலை 19, புதன்

அட்டையில் மறுபடியும் சொட்டு. இந்தத் தடவை எங்கிருந்து என்று கண்ணால் பார்த்துப் பிடிபடவில்லை. எஞ்சினைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்து, மேலெல்லாம் பவுடர் தூவி வைத்தால், எங்கே ஆயில் கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு போடும். எனக்கும் தெரிந்த வித்தைதான். நான் சொல்லவில்லை. அவனே சொன்னான்.

"வீட்டுல பவுடர் இருக்குதுங்களா?"

பீரோவில் நாகமணியின் டப்பா இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். திறந்து ஒரு தட்டுத் தட்டியதும் ஷெட் முழுக்க அவள் வந்துவிட்டாள். கோயிலுக்குக் கிளம்பும் போது ஹெரால்டின் கண்ணாடியில் முகம் பார்த்து, கழுத்தில் அதிகமாக ஒட்டியதைத் துடைத்துக்கொள்வாளே, அந்த வாசம். பூபதியின் கை நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினேன். அடுக்கியே இருந்தவைதான்.

எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். ஒரு இடத்திலும் கோடு விழவில்லை. எல்லா இடமும் வெள்ளைவெளேர்.

"காலையில பாப்போமுங்க. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும்" என்று பானெட்டை மூடினான்.

எனக்கு அழுகையாக வந்தது. அவளுக்காகவா இவனுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 20, வியாழன்

பூபதி எழுந்து வந்து பானெட்டைத் திறந்தான். பெட்ரோல் பம்ப்பின் கீழ்ப்பக்க நட்டில் ஆயில் துளி நின்றது. நட்டைச் சுற்றிப் பவுடர் கலைந்திருந்தது. பக்கத்தில் ஒரு அச்சு, சின்னதாக, மொண்ணையாக.

அவன் அதைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நான் துண்டை எடுத்து இரண்டு கையையும் துடைத்துக்கொண்டேன்.

"ஏதோ பட்டிருக்குதுங்கப்பா."

"எலியா இருக்கும்டா. போன வருசமே ஒயரெல்லாம் கடிச்சு வெச்சுது."

"ஆமாங்க" என்றான். "எலிதானுங்க."

பனியன் துணியால் அந்த இடத்தைத் துடைத்தான். பொறுமையாக, ஒரு சுவடு மிச்சமில்லாமல். அப்புறம் நட்டை முடுக்கினான். மாடிக்குப் போய் ஷார்ஜாவுக்குப் போன் பேசினான். இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்டிருக்கிறானாம்.

"எலிப்பொறி வாங்கி வெக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. பாவம்" என்றான்.

ஜூலை 23, ஞாயிறு

சம்ப்பின் ஓரத்தில் கசிவு. அவனுக்கு இப்போதெல்லாம் ஆச்சரியமே வருவதில்லை. "இன்னிக்கு எங்கேன்னு பாப்போமுங்க" என்று பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறான். வண்டிக்கு அடியில் விரித்து நுழைந்துகொள்கிறான். எனக்கும் ஒரு தலையணை போட்டான். முட்டி வலியோடு நானும் நுழைந்தேன்.

மல்லாந்து படுத்தால் இரண்டு பேருக்கும் மேலே ஒரே கூரை, ஆயில் சம்ப். அவன் பேசினான். ஷார்ஜாவில் கோடையில் விமானம் நிற்கும் வெட்டவெளியில் வேலை செய்யும் போது ஸ்பேனரைக் கையால் தொட முடியாதாம். அவன் மகளுக்குத் தமிழ் புரிகிறது, பேச வரவில்லையாம். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வந்த போது விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கிவிட்டதால் நிம்மதியாக அழ முடிந்ததாம். எனக்கு இது எதுவும் தெரியாது. எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் போய்விட்டாள்.

நான் என்ன சொன்னேன்? "அந்த போல்ட்ட எதிர்ப்பக்கத்தோட மாத்தி மாத்தி முடுக்கு" என்று சொன்னேன். என் வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 25, செவ்வாய்

கசிவு, டிரெயின் பிளக்கில். முடுக்கினான். பேசினோம்.

ஜூலை 27, வியாழன்

மருமகள் போன் செய்தாள். பூபதி மாடிக்கு எடுத்துப் போய்ப் பேசினான். ஜன்னல் வழியாகப் பாதிதான் விழுந்தது. "நான் என்ன பண்ணட்டும்... இல்ல, வேலைய விட முடியாது... ஆமா, கடைசி நாள்னு மெயில் வந்திருச்சு... ஞாயித்துக்கிழமை கட்டாயம்." 

கீழே வந்து முகம் கழுவினான்.    நான் ஷெட்டில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போக முடியாது, என் வயசுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்று போன வருஷமே விசாரித்துச் சொல்லிவிட்டான். இங்கே வந்து இருக்கவோ அவன் மகள் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் விடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். யார் மேலும் தப்பில்லை என்பதுதான் தாங்கவில்லை. யாராவது ஒருத்தர் அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது படுக்கலாம்.

'போகாதடா' என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான். மில்லில் ஆயிரம் பேர் மத்தியில் கத்திய தொண்டை இது. அந்தச் சொல் மட்டும் ஏறி வருவதில்லை.

ஜூலை 29, சனி

"கோகிலாக்காவோட போயி ரூமைப் பாத்துட்டு வாங்கப்பா. கட்டில் எந்தப் பக்கம் போடறதுன்னு சொல்லோணுமாமா" என்றான்.

"நீ வரலியா?"

"வண்டியில சின்ன வேலை இருக்குதுங்க."

அறை நன்றாகத்தான் இருக்கிறது. சுவரெல்லாம் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. கட்டில் பக்கத்தில் சிவப்புப் பொத்தான், அமுக்கினால் ஆள் வருமாம். ஜன்னலில் மலை தெரிகிறது. "எத்தன காத்தோட்டமா இருக்குதுங்க மாமா" என்று கோகிலா நாலு தடவை சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, பாவம். காற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று மேனேஜர் பெண் கேட்டாள். எந்தப் பக்கம் போட்டாலும் தூக்கம் வராது, உன் இஷ்டம் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள்.

நாங்கள் திரும்பி வரும் போது தெருமுனையிலேயே டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டது. பானெட் மூடியிருந்தது. தரையில் இரும்புத் தூள் மினுங்கியது. பூபதி கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்கப்பா. இனி ஒழுகாது" என்றான்.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

ராத்திரி இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

இதை அந்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பூபதி எழுவதற்கு முன் வழக்கம் போல ஷெட்டுக்குப் போனேன். ஸ்பேனர் சட்டைப் பையில் இருந்தது. பானெட்டைச் சத்தமில்லாமல் மடக்கித் திறந்தேன்.

எஞ்சின் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. ராக்கர் கவரின் பின்பக்க நட்டில் பொடித் துளை போட்டு, அதில் எஃகுக் கம்பி விட்டு, முறுக்கி, பக்கத்துக் கொக்கியில் கட்டியிருந்தது. ஒரே சீரான முறுக்கு. அப்புறம் பிரஷர் பைப் முனை, அதிலும் கம்பி. பெட்ரோல் பம்ப்பின் கீழ்ப்பக்க நட்டிலும் கம்பி. டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். சம்ப்பில் இடது ஓரத்து இரண்டு போல்ட்டையும் சேர்த்து ஒரு கம்பி, டிரெயின் பிளக்கில் ஒரு கம்பி. ராக்கர் கவரின் முன்பக்க நட்டில் கம்பி இல்லை. பம்ப்பின் மேல்பக்க நட்டில் இல்லை. சம்ப்பில் மற்ற எந்த போல்ட்டிலும் இல்லை. இந்த எஞ்சினில் எத்தனை நட்டு, எத்தனை போல்ட்டு. நான் கை வைத்த அந்த இடங்களில் மட்டும்தான்.

ராக்கர் கவர் நட்டில்கூட. அப்படியென்றால் பவுடர் போட்ட அன்றைக்கு அல்ல, அந்த முதல் திங்கட்கிழமையே அவனுக்குத் தெரியும். பல் தேய்த்த நுரையோடு நின்றானே, அப்போதே. தெரிந்துகொண்டுதான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். தெரிந்துகொண்டுதான் தினமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தான். எனக்குத் தலையணை போட்டான்.

நான் அடியிலேயே படுத்துக் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் எழுந்து, அவன் டூல் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். ராக்கர் கவரின் கம்பியை அறுத்தேன். ஒளிந்து மறைந்து இல்லை. சத்தம் வரும்படியே அறுத்தேன். அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு டம்ளர் காப்பியோடு பூபதி வந்தான். திறந்த பானெட்டைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். டம்ளர்களைத் தரையில் வைத்தான்.

கம்பித் துண்டை அவனிடம் நீட்டினேன். "பூபதி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. முக்கிப் பார்த்தேன், வரவில்லை.

"கையில குத்திருமுங்கப்பா. குடுங்க" என்றான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் சுருளிலிருந்து புதுக் கம்பி வெட்டினான்.

முன் டயர் மேல் உட்கார்ந்து, நட்டை முடுக்கி, துளையில் கம்பியை விட்டு முறுக்கினான். முறுக்குச் சரியாக வரவில்லை. பிரித்தான். மறுபடி முறுக்கினான், மறுபடி பிரித்தான். தினமும் நூறு முறுக்குகிற கை. கண்ணில் ஊறியது வழிந்து மூக்கு நுனியில் வந்து நின்றது. அவனுக்குத் துடைக்க இரண்டு கையும் காலியில்லை. முகம் துடைக்கும் துண்டு என் தோளில்தான் இருந்தது. நான் துடைத்துவிடவில்லை. கை அந்தப் பக்கம் போகவே இல்லை. இதை எழுதும் போதுகூட அந்தத் துண்டு என் தோளில்தான் கிடக்கிறது.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. நுனியை மடக்கிவிட்டான், யார் கையிலும் குத்தாதபடி.

"கிளம்பலாமுங்களா?" என்றான்.

காப்பி ஆறிப் போயிருந்தது. இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

வழியில் பேரூரைத் தாண்டினோம். அதற்குப் பிறகு, "மாசாமாசம் செக்கப்புக்குப் போங்கப்பா" என்றான். "ம்" என்றேன். "சோறு புடிக்கலேன்னா கோகிலாக்காகிட்டச் சொல்லுங்க." "ம்." "டிசம்பர்ல பாப்பாவக் கூட்டிட்டு வர்றேனுங்க." "பாத்து வா" என்றேன். டிசம்பருக்கு நான் சொல்ல இதுதானா கிடைத்தது?

இங்கே பெட்டியை இறக்கி வைத்தான். படுக்கை விரித்துக் கொடுத்தான். சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். ஆள் வந்தது. "நல்லா வேலை செய்யுதுங்க" என்றான். குனிந்து என் காலைத் தொட்டான். அவன் தலையில் கை வைத்தேன், வலது கை. மொட்டை விரல் அவன் முடிக்குள் கொஞ்ச நேரம் இருந்தது.

ஹெரால்டு மெயின் கேட் அருகே நின்றிருந்தது. இங்கே இருந்து நேராகக் குன்னூர், அங்கே வண்டியை விட்டுவிட்டு டாக்சியில் ஏர்போர்ட். எஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது. அவ்வளவு நன்றாக அது இதுவரை ஓடியதில்லை. வளைவு திரும்பும் வரை பார்த்தேன்.

அப்புறம் அது நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. கையை வைத்தும் தடவிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. மத்தியானம் சித்ரான்னம் போட்டார்கள்.

குன்னூர் டாக்டர் போன் செய்தார். தினமும் காலையில் எழுந்ததும் மார்பிளைத்தான் முதலில் பார்க்கிறாராம். ஒரு சொட்டு இல்லையாம்.

"ஆருங்க செஞ்ச வேலை அது? கம்பி முறுக்கியிருக்கற அழகப் பாத்துட்டே இருக்கலாம்ங்க."

"எம் பையனுங்க" என்றேன். "இனி அது கழளாதுங்க."